ஏழாம் பாதை ஒப்படைப்பு

சஃப்ரான்,
திங்களிலிருந்து ஏழாம் பாதை உம்முடையது.
எனக்கு வவுனியா வந்துவிட்டது.
அலுவலகம் தந்த வரைபடத்தை மடித்து
சீற்றுக்கு அடியில் வையும்,
மழைக்குத் தலையில் பிடிக்க உதவும்.

கோயிலுக்கு வழி யாரும் சொல்வார்.
கோட்டைக்குப் பலகை நட்டிருக்கிறார்கள்.
அங்கே நமக்கு வேலையில்லை.
நமக்குத் திருகோணமலை
அனுராதபுரச் சந்தியில் தொடங்குகிறது,
அப்பக்கடைக்குப் பின்னால், முதல் மீற்றர்.
மூடிக்கு மேல் எப்போதும் ஒரு சிரட்டை.
எடுத்தால் திருப்பி வைத்துவிடும்.

ஒழுங்கைகளின் இலக்கத்தை நம்பாதேயும்.
முதலாம் ஒழுங்கைக்கு அடுத்தது நான்காம் ஒழுங்கை.
இரண்டும் மூன்றும் எங்கே என்றால்
ஆளுக்கொரு திசையில் கை நீளும்.
இடம்பெயர்ந்த சனம்
போன வரிசையில் திரும்பவில்லை,
இலக்கங்களும் அப்படித்தான்.

பாலையூற்றுக்கு ஒன்பது மணிக்கு முன் போய்விடும்.
பிறகு தகரங்களிலிருந்து வெயில் கீழே குதிக்கும்.
நாய்களின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளும்:
டைகர் கடிக்காது.
பப்பி கடிக்கும்.

வெள்ளிக்கிழமைக்கு ஜமாலியாவை வைத்துக்கொள்ளும்,
உமக்குத் தொழுகையும் ஆயிற்று.
நான் போனால் படலை படலையாய்த் தட்டி
‘ஆம்பிளையள் பள்ளிக்குப் போயிட்டாங்க’ கேட்டுத் திரும்புவேன்.
அபயபுரவில் பேமாவதி நோனா
சன்னலுக்குள் இருந்தே தன் இலக்கத்தைக் கூவுவா.
எனக்குச் சிங்களத்தில் எண்கள் மட்டும்தான்.
பதினொரு வருடம் அதிலேயே பேசினோம்.

திருக்கடலூரில்
மீற்றர்க் குழியெல்லாம் மணல் மூடியிருக்கும்,
என் கரண்டியைத் தருகிறேன்.
கண்ணாடியை உப்புத் தின்றுவிட்டது.
ஈரத்துணியால் துடைத்துப்
பக்கவாட்டில் சரிந்து பாரும்.
வலை இழுக்கிற நேரம் ஒருவரும் பில் வாங்கமாட்டார்.
ஒரு கயிற்றைப் பிடியும். பிறகு வாங்குவார்கள்,
நாலு சூடை மீனும் தருவார்கள்.

உப்புவெளியில் சீசன் என்றால்
விடுதிகளின் முள் பம்பரம்.
பின்வாசலால் போம்.
முன்வாசலில் போனால்
‘ஏசி றூமா, ஃபேன் றூமா’ என்பார்கள்.
அங்கேயே யுத்த மயானம்.
அந்நியப் பெடியளின் கல்லறைப் புல்லுக்கு
மாதம் எத்தனை அலகு என்று
நித்திரையிலும் சொல்வேன்.
எங்கட பெடியளை ஒருநாள் நினைத்துப்
பேனையைத் திறந்தேன்.
அந்தப் புத்தகத்தில் அதற்குக் கட்டமில்லை.

சாம்பல்தீவில், பாலத்துக்கு இந்தப் பக்கம்,
பூட்டின வீடு ஒன்று.
ஆறு வருடமாய் 0417.
போன மாசியில் 0418.
ஒரு அலகென்றால் ஆயிரம் லீற்றர்.
பூட்டு உடையவில்லை, அயலாருக்கும் தெரியாது.
யாரோ வந்திருக்கிறார்.
தலைமுழுகி, முற்றம் கழுவி,
மிச்சத்தைச் செம்பரத்தைக்கு ஊற்றியிருக்கிறார்:
அது மட்டும் தளிர்த்து நின்றது.
பங்குனியில் போனேன். 0418.
சித்திரையிலும் அதுவே.
நான் அந்த வீட்டுக்கு இப்போதும்
இரண்டு தரம் மணி அடிக்கிறேன்.
நீர் ஒருதரமாவது அடியும்.

கடைசி, உவர்மலை.
ஏற்றத்தில் சைக்கிளை இறங்கித் தள்ளும்.
அரசாங்க விடுதிகளுக்குப் பின்னால், மதிலோரக் குழியில்
ஒரு கசிவு.
மூன்று வருடமாய் நான் அதை எழுதவில்லை.
விடியமுன் போனால் ஏனென்று தெரியும்.
மான்கள், ஏழெட்டு,
சுவரொட்டி தின்று வளர்ந்தவை,
ஒன்றின் கொம்பில் பொலித்தீன் பை,
நம் கவுண்டரில் நிற்கிறவர்களைவிட ஒழுங்காய்
ஒன்றன்பின் ஒன்றாய் வந்து குடிக்கும்.

இனி அது உம்முடைய குழி.
வலப்பக்கத் திருகாணியை இறுக்கினால்
கசிவு நின்றுவிடும்.
சாவி இந்தக் கவருக்குள் இருக்கிறது.
கரண்டியும்.